பூச்சிப் படம்: போனா, டியூபா, குளோஸ்-அப் லென்ஸா?

தோட்டத்துப் பூச்சிகளைப் பெரிதாக எடுக்க, தனியாக மேக்ரோ லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. போன், டிஎஸ்எல்ஆர், ஜூம் கேமரா என்று எது கையில் இருந்தாலும் வழி உண்டு. மூன்றிலும் எடுத்துப் பார்த்ததில், பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

போனில் தனியாகக் கொடுத்திருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை நம்ப வேண்டாம். மெயின் கேமராவில் எடுத்து கிராப் செய்தாலே பெரும்பாலும் அதைவிடத் தெளிவாக இருக்கும். 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோ போல, அல்ட்ரா வைடு கேமராவே 2 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும் போன்கள் வேறு ரகம். படம் அருமையாக வரும். ஆனால் 2 செ.மீ. கிட்டே போனால் போனின் நிழல் பூச்சி மேலேயே விழும். சாறு உறிஞ்சும் அசுவினி அசையாது. தட்டானும் வெட்டுக்கிளியும் அதற்குள் பறந்துவிடும்.

டிஎஸ்எல்ஆருக்கு எக்ஸ்டென்ஷன் டியூப். கண்ணாடியே இல்லாத வெறும் குழாய் இது. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. டியூப் போட்டால், நிஜ அளவில் பாதி உருவம் சென்சாரில் விழும். வெளிச்சம் குறையும், ஃபிளாஷ் தேவைப்படும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை 18 மி.மீ.-இல் வைத்து டியூப் போட்டால் ஃபோகஸ் கண்ணாடியை ஒட்டியே விழுந்துவிடும், பிரயோஜனம் இல்லை. மின் இணைப்பு இல்லாத டியூப் என்றால் பல லென்ஸ்களில் அப்பர்ச்சரையும், அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவையும், மாற்ற முடியாது.

என் ஓட்டு ஜூம் கேமராவின் முன்னால் திருகும் குளோஸ்-அப் லென்ஸுக்குத்தான். இதன் பவரை டயாப்டரில் சொல்வார்கள். +4 டயாப்டர் என்றால் 1 மீட்டரை 4-ஆல் வகுத்து 25 செ.மீ.; கேமரா வெகுதூரத்துக்கு ஃபோகஸ் ஆகியிருக்கும்போது பூச்சி அங்கே இருந்தால் போதும். ஜூமை முழுக்க நீட்டினாலும் அந்த இடைவெளி மாறாது, பூச்சி மட்டும் பெரிதாகும். வெளிச்சமும் குறையாது. ஒற்றைக் கண்ணாடியில் ஓரங்களில் ஊதா படியும், அதனால் இரண்டு கண்ணாடி ஒட்டிய வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒருநாள் காலையில் ஓர் எறும்பு உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. போனைக் கொண்டுபோனதும் தட்டுவதை விட்டுத் தலையைத் தூக்கியது. அப்புறம் குளோஸ்-அப் லென்ஸோடு தள்ளி உட்கார்ந்து, ஃபோகஸை அப்படியே வைத்து, உடம்பை மட்டும் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுத்தேன். அசுவினியின் பின்புறம் இனிப்புத் துளி திரண்டு வந்ததும், அதை எறும்பு வாயில் வாங்கியதும் நாலு படங்களில் பதிவாகியிருந்தன.