'முடியாது' என்று சொல்லப் பழக எந்தச் சிகிச்சை?

அக்கா வீட்டு மச்சான் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மனசு வேண்டாம் என்கிறது. வாய் "சரி மச்சான், பார்க்கலாம்" என்கிறது. இப்படி மாட்டிக்கொள்பவர்களுக்கு உளவியலில் சில வழிகள் உண்டு.

பழையது ஒத்திகை. 1950களில் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் வளர்த்தெடுத்தது. மனதில் பட்டதைத் தெளிவாகச் சொல்லும்போது பதற்றம் பின்வாங்கும், ஆகவே சொல்லிச் சொல்லியே பழக வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆலோசகரே மச்சானாக எதிரில் உட்காருவார். "ஜாமீன் போட எனக்கு விருப்பமில்லை மச்சான்" என்கிறீர்கள். "என்ன மாப்ளே, குடும்பத்துக்குள்ள இப்படியா?" என்பார். அதே வாக்கியத்தையே மறுபடி சொல்ல வேண்டும், காரணம் அடுக்கக் கூடாது. காரணம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்குமே! முதல் தடவை குரல் கம்மும். நாலைந்து தடவைக்கு அப்புறம் கண் தரையை விட்டு எழும்.

சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வாயை விட்டுவிட்டு எண்ணத்தைப் பிடிக்கிறது. 'மறுத்தால் அக்கா பேசவே மாட்டாள்' என்று எழுதவைத்து, இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கும். பிறகு சின்னச் சின்ன இடங்களில் மறுத்துப் பார்த்து, பயந்தது நடந்ததா என்று சரிபார்க்கச் சொல்லும். இதன் முன்னோடிகளில் ஒருவரான ஆல்பர்ட் எல்லிஸ், 19 வயதில் தன் கூச்சத்தைப் போக்க நியூயார்க் தாவரவியல் பூங்காவில் ஒரே மாதத்தில் சுமார் 100 பெண்களிடம் வலியப் போய்ப் பேசியவர். ஒருத்தி சந்திக்க ஒப்புக்கொண்டு, அவளும் வரவில்லையாம். கூச்சம் மட்டும் போய்விட்டது!

உளவியலாளர் மார்ஷா லினெஹனின் டிபிடி, அதாவது இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, தற்கொலை எண்ணமும் கட்டுக்கடங்காத உணர்ச்சிகளும் கொண்டவர்களுக்காக உருவானது. ஆனால் அது கேட்கும் ஒரு கேள்வி எல்லோருக்கும் உதவும்: இந்தப் பேச்சில் உனக்கு முக்கியம் எது? காரியமா, உறவா, சுயமரியாதையா? மச்சான் விவகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது.

சிறுவயதைக் கிளறும் ஆழ்மனச் சிகிச்சையும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

என்னைக் கேட்டால், வார்த்தையே வராதவருக்கு ஒத்திகை. சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் குற்றவுணர்ச்சியில் புரள்பவருக்கு சிபிடி. பல ஆலோசகர்கள் இரண்டையும் கலந்துதான் தருகிறார்கள். பேச்சோடு நிறுத்திவிடுபவர்களும் உண்டு. நடித்துப் பழகவைப்பீர்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வீட்டில் கைநீட்டும் ஆள் இருந்தால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள். அங்கே எதிர்த்துப் பேசிப் பழகுவது ஆபத்து. முதலில் பாதுகாப்புக்கு வழி பார்க்க வேண்டும்.