பாட்டி, தாத்தா, இரண்டு வாண்டுகள்: பிக் சூரா, ஓரிகனா?

2025-இல் மாமாவும் அத்தையும் (கணவரின் அப்பா, அம்மா) திருச்செந்தூரிலிருந்து அமெரிக்கா வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார்கள். மாமா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாலம் என்றால் நின்றுவிடுவார். அத்தைக்கு முட்டிவலி, சுத்த சைவம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. இந்தக் கூட்டத்தை ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு மே மாதம் கலிபோர்னியாவின் பிக் சூர், ஆகஸ்டில் ஓரிகன் கடற்கரை என்று இரண்டு பயணம் போனோம். "ஒன்றுக்குத்தான் லீவு இருக்கிறது, எதற்குப் போகலாம்?" என்று கேட்பவர்களுக்காக இது.

இரண்டும் ஒரே பசிபிக் பெருங்கடல்தான், ஆனால் சாலைகளின் குணம் வேறு. கார்மலிலிருந்து சான் சிமியோன் வரை சுமார் 90 மைல், அதுதான் பிக் சூர். ஒரு பக்கம் சாண்டா லூசியா மலை, மறு பக்கம் நேரே கீழே கடல், நடுவில் மலையைச் செதுக்கிப் போட்ட இருவழிச் சாலை. 1919-இல் தொடங்கி, சிறைக் கைதிகளையும் வேலைக்கு வைத்து, 1937-இல்தான் திறந்தார்கள். ஓரிகனில் 101-ஆம் நெடுஞ்சாலை வடக்கே அஸ்டோரியாவிலிருந்து தெற்கே புரூக்கிங்ஸ் வரை, மாநிலத்தின் 363 மைல் கடலோரத்தை ஒட்டிப் போகிறது. சில இடத்தில் மலை ஏறும், சில இடத்தில் ஊருக்குள் புகுந்து மீன்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவே போகும்.

அழகில் எது பெரிது என்று கேட்டால் தயங்காமல் பிக் சூர் என்பேன். பிக்ஸ்பி பாலத்துக்கு முன்னால் வண்டி வளைந்து வெளியே வரும் அந்தக் கணத்துக்கு ஈடாக ஓரிகனில் நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் வண்டிக்குள் என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால், தெற்கே போகும்போது நம் வண்டிதான் கடல் விளிம்பில் ஓடும். படத்துக்கு நல்லது என்று அதைத்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். அத்தை வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்று ஆரம்பித்தவர், வண்டி நின்றபோதுதான் திறந்தார். பின்சீட்டில் மகன் காலையில் தின்ற இட்லியைத் திருப்பிக் கொடுத்தான். உயரத்துக்குப் பயப்படுபவர்கள் வீட்டில் இருந்தால் தெற்கிலிருந்து வடக்கே ஓட்டுங்கள். கடலுக்கும் நமக்கும் நடுவே எதிர்த்தடம் ஒன்று இருக்கும்.

வாந்தி எடுத்த பிள்ளையைக் கழுவ இடம் தேடியபோதுதான் இன்னொன்று புரிந்தது. பிக்ஸ்பி பாலத்தருகே கழிப்பறை கிடையாது. வண்டி நிறுத்த ஓரத்தில் கொஞ்சம் மண்தரை, அதற்கே பத்து வண்டி காத்திருக்கும். கைப்பேசிக்கு சிக்னலும் பெரும்பாலான தூரத்துக்கு இல்லை. பெட்ரோல் கிடைக்கும் இடங்கள் ஒன்றிரண்டுதான், விலை நகரத்தைவிட மிக அதிகம். கார்மலிலேயே டேங்கை நிரப்பிவிடுவது புத்திசாலித்தனம். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு கழிப்பறை எங்கே என்று தெரியாமல் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஓரிகனில் இந்தக் கவலை எங்களுக்கு வரவே இல்லை. சிறிது தூரத்துக்கு ஒரு மாநிலப் பூங்கா, பெரும்பாலானவற்றில் வண்டி நிறுத்தம், கழிப்பறை, கடலுக்கு இறங்க ஒரு பாதை.

கடலுக்கு இறங்குவது என்றேனே, என் கணக்கில் வித்தியாசமே அங்கேதான். பிக் சூரில் கடலைப் பார்க்கலாம், தொடுவது கஷ்டம். மக்வே அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 80 அடி உயரத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி நேரே மணலில் விழுகிறது. அந்த மணலே பழையதில்லை. 1983-இல் பக்கத்தில் பெரிய மண்சரிவு ஏற்பட்டுக் கடலுக்குள் போன மண்தான் திட்டாகி நின்றது. அதற்கு முன் அருவி நேரே கடலில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த மணலுக்கு இறங்க அனுமதி இல்லை, மேலே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். மகள் கையில் மணல் வாளி இருந்தது. "இங்கேயும் இறங்கக் கூடாதா?" என்று அன்றைக்கு நாலாவது தடவையாகக் கேட்டாள். கலிபோர்னியாவிலும் ஈர மணல் பொதுச் சொத்துதான், சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலை அப்படி நிற்கிறது, அவ்வளவுதான். ஃபைஃபர் கடற்கரை மாதிரி ஓரிரண்டு இடத்தில் இறங்கலாம். ஆனால் அதற்குப் போகும் குறுகல் பாதையில் எதிரே ஒரு வண்டி வந்தால் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். வேனோடு போய் நான் சோதிக்கவில்லை.

ஓரிகனில் கதை வேறு. 1913-இல் ஆஸ்வால்டு வெஸ்ட் என்ற ஆளுநர், ஈர மணல் முழுவதையும் பொது நெடுஞ்சாலை என்று அறிவிக்க வைத்தார். சாலை போடக் காசில்லாத காலம், மணலிலேயே வண்டி ஓட்டினார்கள். பிறகு 1966-இல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் காய்ந்த மணலை எங்கள் விருந்தினருக்கு மட்டும் என்று அடைத்துவைக்க, பெரிய சண்டையாகி, 1967-இல் ஆளுநர் டாம் மக்கால் கையெழுத்திட்ட சட்டம் செடிகொடி தொடங்கும் எல்லை வரை எல்லோருக்கும் உரிமை என்று ஆக்கிவிட்டது. நிலமும் அங்கே ஒத்துழைக்கிறது. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, பத்து நிமிடத்தில் பிள்ளைகளை மணலில் விட்டுவிடலாம். குளிக்க மட்டும் ஆசைப்பட வேண்டாம். ஆகஸ்டிலும் தண்ணீர் ஐஸ்தான், கணுக்கால் வரை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுவோம். திடீரென்று மேலேறி வரும் பெரிய அலைகள் உண்டு, கரையொதுங்கிய மரத்தடிகளைப் புரட்டிவிடும். அவற்றின்மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

ஒரு காலை, யாகினா ஹெட் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில் போனோம். 1873-இல் ஒளியேற்றிய 93 அடி விளக்கு அது. பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் பச்சைப் பச்சையாகக் கடற்சாமந்திகள், பூ மாதிரி இருக்கும் கடல் உயிர்கள். அங்கிருந்த வழிகாட்டிப் பெண் காட்டிக்கொடுத்தபடி, மகன் விரலை நனைத்துக்கொண்டு ஒன்றின் ஓரத்தை மெதுவாகத் தொட்டான். அது விரலைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுருங்கியது. "அப்பத்தா, இது என் விரலைச் சப்புது!" என்று கத்தினான். முட்டிவலி அத்தை படி இறங்கி வந்து தானும் ஒரு விரலை நீட்டினார். ஏறும்போதுதான் பத்து நிமிடம் ஆனது. கடல் எப்போது உள்வாங்கும் என்ற அட்டவணையை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெறும் அலையைத்தான் பார்ப்பீர்கள்.

பாலங்களில் மாமா தனியாக ஒரு ஒப்பீடு நடத்தினார். பிக்ஸ்பியும் ஓரிகனில் கோல்ட் பீச் அருகே ரோக் ஆற்றுப் பாலமும் 1932-இல் திறக்கப்பட்டவை, இரண்டும் கான்கிரீட் வளைவு. பிக்ஸ்பி ஒரே தாவல், 320 அடி. ரோக் பாலமோ தலா 230 அடியில் ஏழு வளைவு. கட்டிய காண்டி மக்கலோ அதில் பிரான்சின் ஃப்ரெய்சினே முறையைப் பயன்படுத்தினார். வளைவின் உச்சியில் ஜாக்கி வைத்து இரு பாதிகளையும் விலக்கித் தள்ளும் முறை, அமெரிக்காவில் அதுவே முதல் தடவை. அதே மனிதர்தான் நியூபோர்ட்டின் யாகினா விரிகுடாப் பாலம், ஃப்ளாரன்ஸ் பாலம் எல்லாம் கட்டியவர். "அங்கே ஒண்ணு, இங்கே வழியெல்லாம்" என்பது மாமாவின் தீர்ப்பு. பாலத்தின் அடியில் போய் நின்று பார்க்க ஓரிகனில்தான் முடிந்தது.

ஆனால் பிக் சூரில் பெரிய சிக்கல் வேறு: சாலை இருக்குமா என்பதே கேள்வி. 2017 மே மாதம் மட் கிரீக்கில் மலை சரிந்து, சாலை மறுபடி திறக்க 2018 ஜூலை ஆனது. 2023 ஜனவரியில் பால்ஸ் சரிவு, 2024 பிப்ரவரியில் ரீஜென்ட்ஸ் சரிவு. நாங்கள் போனபோதும் நடுவில் அடைப்பு. மக்வே அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திரும்பி, வந்த வழியே கார்மலுக்கு ஏறி, உள்நாட்டு 101 வழியாகச் சுற்றிச் சான் சிமியோன் போனோம். அத்தை அதே வளைவுகளில் முருகனை இன்னொரு முறை கூப்பிட்டார். ஓரிகனிலும் சரிவு இல்லாமல் இல்லை. 2019 பிப்ரவரியில் புரூக்கிங்ஸுக்கு வடக்கே சாலை இரண்டு வாரம் போல அடைபட்டது. ஆனால் இரண்டு வாரத்துக்கும் பதினான்கு மாதத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. எங்கே போவதானாலும் கிளம்பும் காலையில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கூகுளை மட்டும் நம்பாதீர்கள்.

தங்குவதில் ஓரிகன் சுலபமாக ஜெயிக்கிறது. அங்கே பல மாநிலப் பூங்காக்களில் 'யர்ட்' என்ற வட்டக் கூடாரம் உண்டு: மரத்தரை, பூட்டும் கதவு, மின்விளக்கு, ஹீட்டர், அடுக்குக் கட்டில். ஐந்து பேர் படுக்கலாம். நாங்கள் ஆறு பேர், அதனால் இரண்டு எடுத்தோம். சமையல் உள்ளே கூடாது, வெளியே மேசையில் செய்துகொள்ளலாம். நியூபோர்ட்டுக்குத் தெற்கே ஓர் இரவு ரைஸ் குக்கரில் சாதம், ஊரிலிருந்து வந்த புளிக்காய்ச்சல், சுட்ட அப்பளம். மேலே துணிக்கூரையில் மழைத் தூறல். உள்ளே மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முன்பதிவு ஆறு மாதம் முன்னாலேயே திறக்கும், கோடைக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும். பிக் சூரில் விடுதிகள் குறைவு, வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். நாங்கள் கார்மலை ஒட்டிய மாண்டரே ஊரில் ஒரு மோட்டலில் தங்கினோம். 'கடல் பார்த்த அறை' என்றார்கள். குளியலறை ஜன்னலில் எக்கிப் பார்த்தால் கடல் தெரிந்தது, அது பொய்யில்லை.

சைவச் சாப்பாடு இரண்டிலும் திண்டாட்டம்தான், எங்கே பார்த்தாலும் சிப்பி சூப். டில்லமூக் பால்பண்ணையில் பாலாடைக்கட்டி செய்வதை மேல்தளக் கண்ணாடி வழியாக இலவசமாகப் பார்க்கலாம், கீழே ஐஸ்கிரீமும் உண்டு. அத்தை அங்கேதான் திருப்தியாகச் சாப்பிட்டார். ஓரிகனில் விற்பனை வரி கிடையாது என்பது பில்லைப் பார்க்கும்போது தெரியும்.

கலிபோர்னியா முந்தும் இடங்களும் உண்டு. மீன் காட்சியகம் என்றால் மாண்டரேதான். நியூபோர்ட்டில் இருப்பதும் நல்லதே, 'கெய்கோ' என்ற கொலைத் திமிங்கலம் 1996 முதல் 1998 வரை இருந்த இடம், ஆனால் மாண்டரேயின் பாசிக்காட்டுத் தொட்டி முன்னால் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் நகரவில்லை. தூரமும் ஒரு காரணம். சான் ஹொசேயிலிருந்து மாண்டரே ஒன்றே கால் மணி நேரம். ஓரிகன் எல்லையைத் தொடவே முழு நாள் ஓட்ட வேண்டும். எங்களைப் போல இந்தப் பக்கம் இருப்பவர்கள் போர்ட்லண்டுக்குப் பறந்து, அங்கே வேன் எடுத்தால் கேனன் பீச் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து தெற்கே இறங்கி வரலாம்.

ஆக, இரண்டு நாள்தான் இருக்கிறதென்றால் மாண்டரேயில் தங்கி, கார்மலுக்குப் பக்கத்தில் பாயிண்ட் லோபோஸ் கடலோரப் பூங்காவைப் பார்த்து, பிக்ஸ்பி வரை போய்த் திரும்பிவிடுங்கள். ஐந்து நாள் இருந்தால், வயதானவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து வந்தால், ஓரிகன். கணவன் மனைவி மட்டும் என்றால் பிக் சூரை முழுதாக ஓட்டுங்கள், அதுவும் கோடை மூடுபனி விலகிய செப்டம்பர், அக்டோபரில்.

அத்தையின் தீர்ப்பு வேறு. சான் சிமியோனுக்கு வடக்கே பியட்ராஸ் பிளாங்காஸில் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டியே மரப்பலகைப் பாதை, கட்டணமில்லை, படியில்லை. கீழே மணலில் நூற்றுக்கணக்கான யானைச் சீல்கள், மே மாதமாதலால் பாம்பு சட்டை உரிப்பது போலத் தோல் உரித்துக்கொண்டு, மேலே மணலை வாரிப் போட்டுக்கொண்டு கிடந்தன. "யானைன்னு சொன்னீங்க, தும்பிக்கை எங்கே?" என்றார். நீண்ட மூக்குள்ள பெரிய ஆண்கள் ஜூலையில்தான் தோல் உரிக்க வரும் என்று பலகையில் எழுதியிருந்தது. ஊருக்குப் போன பிறகு போனில் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், ஓரிகன் என்ற பேச்சே இல்லை: "ஏவ்வா, ஒண்ணொண்ணும் கட்டுமரம் தண்டி இருக்கு. என்ன நாத்தம்கிறே!"