15 ஆம்ப் பிளக்கா, சுவர்ச் சார்ஜரா? நீளமான வீடு உள்ளவர்களுக்கு

எங்கள் வீடு கானாடுகாத்தானில். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஈபி மீட்டர் முகப்புத் திண்ணையில் இருக்கிறது. கார் நிற்பது பின்னால், அந்தக் காலத்து வண்டிக் கொட்டகையில். நடுவே வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி. வயர் போகும் வழியை டேப் பிடித்து அளந்தால் 60 மீட்டர் வந்தது. மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் "எந்தச் சார்ஜர் நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். செட்டிநாட்டில் அதற்கு முன்னால் இந்த 60 மீட்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கையில் இருந்தவை மூன்று வழிகள். வீட்டில் ஏற்கெனவே உள்ள 15 ஆம்ப் பிளக்கில் காரோடு வந்த சார்ஜரைச் செருகுவது. மீட்டரிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுத்து, இரும்புப் பெட்டி வைத்த 15 ஆம்ப் பிளக் போடுவது. 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் மாட்டுவது.

முதல் வழியைப் பத்து நாள் செய்து பார்த்தோம். இரண்டாம் கட்டில் கிரைண்டருக்குப் போட்டிருந்த பிளக். ஒரு ராத்திரி பிளாஸ்டிக் தீயும் வாடை. போய்ப் பார்த்தால் பிளக்கின் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது. கிரைண்டர் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் 15 ஆம்பியரை இரவு முழுக்க விடாமல் இழுக்கிறது. அந்த லைனில் இருந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். 60 மீட்டரும் இந்த வயரிலேயே போய்த் திரும்பினால் 14 வோல்ட் வழியிலேயே போய்விடும். கணக்குப் போட்டால் 200 வாட்டுக்கு மேல் வயரில் சூடாக வீணாகும். அந்த வயர் போவது பழைய மரப்பட்டிக்குள்ளே, மேலே பர்மாத் தேக்கு உத்தரம். அன்றைக்கே நிறுத்திவிட்டோம். உங்கள் வீட்டிலும் இப்படிச் செருகி வைத்திருந்தால், இன்று இரவே கழற்றிவிடுங்கள்.

ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

முதலில் வேகம். 15 ஆம்ப் பிளக்கில் கிடைப்பது சுமார் 3.3 கிலோவாட். 24 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள சின்னக் கார் காலியிலிருந்து நிறைய எட்டு மணி நேரமாவது ஆகும். 45 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் 14, 15 மணி நேரம். சுவர்ச் சார்ஜர் அந்தப் பெரிய பேட்டரியை ஏழு மணி நேரத்துக்குள் நிரப்பும். கேட்டதும் சுவர்ச் சார்ஜர் பக்கம்தான் மனம் போகும். ஆனால் தினமும் யார் காலி பேட்டரியோடு வீடு திரும்புகிறார்கள்? நான் காரைக்குடிக்கு வேலைக்குப் போய் வருவது 30, 35 கிலோமீட்டர். அதற்குச் செலவாவது ஐந்து யூனிட் (கிலோவாட்-மணி) சொச்சம். சாதாரணப் பிளக்கில் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட் மட்டும் வாங்குவதாக இருந்தால், சுவரில் 7.2 மாட்டினாலும் 3.3தான் ஏறும். சில மாடல்களில் இரண்டு வகையும் விற்கிறார்கள். கார் புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவர்ச் சார்ஜருக்கு 32 ஆம்பியர் வேண்டும். 60 மீட்டருக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால்தான் இழப்பு ஏழு வோல்ட்டில் நிற்கும். சிங்கிள் ஃபேஸ் வீடு என்றால் லோடு, அதாவது இணைப்புக்கு அனுமதித்த மின்சார அளவைக் கூட்டி மூன்று ஃபேஸ் வாங்கவேண்டிவரும். அங்கேதான் எங்கள் ஊர்ச் சிக்கல். இணைப்பு இன்னும் ஐயா பெயரில் இருக்கும். அவர் காலமாகி வருஷங்கள் ஆகியிருக்கும். வீட்டில் ஆறு பங்கு, பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். பெயர் மாற்றுவதென்றால் பங்காளிகளின் சம்மதக் கையெழுத்தும் கேட்கக்கூடும். கல்யாணத்துக்கோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ எல்லாரும் கூடும் நாளில் பேசி முடித்துவிடுவது நல்லது.

தனி லைனில் 15 ஆம்ப் பிளக் என்றால் 6 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். இழப்பு ஆறு வோல்ட்டுக்குள். இருக்கிற லோடு இடம் கொடுத்தால் அலைச்சலே இல்லை. பில்லை மட்டும் கவனியுங்கள்: இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் போலக் கூடும். மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்களின் சலுகையும் குறைந்துவிடும்.

எர்த்திங்தான் இரண்டுக்கும் பொதுவான, நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். எங்கள் மண் செம்புறை, சிவந்த கல்மண். சித்திரை, வைகாசியில் காய்ந்து இறுகிவிடும். பழைய எர்த் குழியில் ஈரமே இருக்காது. கார்ச் சார்ஜர் எர்த்தைச் சோதித்துப் பார்த்துத்தான் ஓடும். சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பும் வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு, "இப்ப ஓடும் பாருங்கண்ணே" என்றார். ஓடத்தான் செய்தது. ஆனால் மீட்டருக்கும் பிளக்குக்கும் இடையில் நியூட்ரல் அறுந்தால், காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்துவிடும். கொட்டகையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்தத் துண்டை உடனே எடுக்கச் சொன்னேன். யார் செய்தாலும் இதை அனுமதிக்காதீர்கள்.

பிறகு கிணற்றடியில், தண்ணீர் தேங்கும் பக்கமாகப் புதுக் குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் போட்டோம். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே வந்தபிறகுதான் பிளக்கை மாட்டினோம். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஏ வகை, அவசியம் போடுங்கள். சுவர்ச் சார்ஜர் வாங்குவதானால் டி.சி. (பேட்டரியில் இருப்பது போன்ற நேர்மின்சாரம்) கசிவையும் கண்டுபிடிக்கிறதா என்று கேளுங்கள்.

வயரை எப்படிக் கொண்டுபோவது? சுவரைக் கொத்துவதற்கு நான் ஒப்பவே மாட்டேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை உடைத்தால், அதே பளபளப்பில் ஒட்டுப்போட இன்று ஆள் கிடைப்பது அரிது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் அப்படித்தான். வீட்டுக்கு வெளியே, பக்கத்துச் சந்தோடு மண்ணுக்குள் பைப் புதைத்தோம். நாலு மீட்டர் கூடியது, வீடு தப்பித்தது.

தினமும் 50, 60 கிலோமீட்டருக்குள் ஓடுகிறவர்களுக்கு என் ஓட்டு தனி லைன் பிளக்குக்குத்தான். சென்னையிலிருந்து 400 கிலோமீட்டர் ஓட்டி ராத்திரி வந்து, விடிந்ததும் திருச்சிக்கோ மதுரைக்கோ கிளம்புகிறவர்கள் வருகிற வீடு என்றால் சுவர்ச் சார்ஜருக்குச் செலவழிக்கலாம். தம்பி பெங்களூரில் பெரிய பேட்டரிக் கார் புக் செய்திருக்கிறான். அதனால் சந்தில் புதைத்த பைப்பை அகலமாகவே போட்டிருக்கிறோம். உள்ளே 10 சதுர மில்லிமீட்டர் வயரை இழுக்க ஒரு நைலான் கயிறும் விட்டு வைத்திருக்கிறோம்.