நிரந்தர மக்கள் நீதிமன்றம்: ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் தகராறுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

க்ளெய்ம் மறுத்த கடிதத்தோடு வந்து நிற்பவரைச் சமூகப் பணியாளர்கள் பெரும்பாலும் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் கைகாட்டுகிறார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை ஒட்டியே இயங்கும் நிரந்தர மக்கள் நீதிமன்றம் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. அவ்வப்போது பேப்பரில் வரும் லோக் அதாலத்தும் இதுவும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவது ஒரு காரணம். அங்கே இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் வழக்கு வந்த இடத்துக்கே திரும்பிவிடும். இங்கே சமரசம் முறிந்தால், சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 22சி(8) பிரிவின்படி அமர்வே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். எதிர்த்தரப்பு வராமல் டிமிக்கி கொடுத்தாலும் வழக்கு நிற்காது. சமரச நடைமுறையை முடித்துவிட்டுத் தீர்ப்புக்குப் போகலாம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஆஸ்பத்திரி சேவை, இன்சூரன்ஸ் இரண்டுமே இதன் வரம்புக்குள் வருகின்றன. தகராறின் மதிப்பு 1 கோடி ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கோர்ட் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதிய மனு போதும். இன்னொரு வசதி, அரசு ஆஸ்பத்திரி. முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்பது 1995 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. இந்தச் சட்டத்திலோ ஆஸ்பத்திரி சேவை என்றுதான் இருக்கிறது. காசு கட்டியதா, இலவசமா என்ற பிரிவினை இல்லை.

கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் வார்டிலேயே முடிவாகிவிடுகிறது. ‘உங்க கார்டு இதுக்கு செல்லாது’ என்று காப்பீட்டுக் கவுன்ட்டரில் வாயால் சொல்லி அனுப்புவார்கள். வாயால் சொன்ன மறுப்பை வைத்து எந்த அமர்விலும் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கே நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், கேட்ட சிகிச்சை, தேதி எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதி, நகலில் ஆஸ்பத்திரி சீல் வாங்க வேண்டும். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும். முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதி கிடைத்த பிறகும் ‘வித்தியாசத் தொகை’ என்று பணம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்கக் கூடாது. ரசீது தர மாட்டேன் என்றால் ஜிபே, வங்கிப் பரிமாற்றம் என்று தடம் விடும் வழியில் கட்டச் சொல்லுங்கள். அதற்கும் தயங்கினால், அந்தப் பணம் எந்தக் கணக்கில் போகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

கேஸ் ஷீட் முழு நகலும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதி. அதே விதி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கிறது. ஆறப்போட்டால் காகிதமே இருக்காது. நகல் வந்ததும் ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் ஷீட் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். ஆதாரில் கே.முருகன், ஆஸ்பத்திரியில் முருகேசன் என்றிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

மனுவில் இன்சூரன்ஸ் கம்பெனியை மட்டும் சேர்த்துவிட்டு ஆஸ்பத்திரியையும் டிபிஏவையும் (கம்பெனி சார்பில் க்ளெய்மைப் பரிசீலிக்கும் இடைநிறுவனம்) விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒருவர் மீது ஒருவர் பழி போட்டே வாய்தாக்கள் ஓடிவிடும். மூவரையும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு செட் நகல் வையுங்கள். கேட்கும் தொகையைச் சிகிச்சைச் செலவு, மருந்து, மன உளைச்சல் என்று பிரித்துக் காட்டினால் சமரசப் பேச்சில் எதை விட்டுக்கொடுப்பது, எதில் உறுதியாக நிற்பது என்பது தெளிவாக இருக்கும். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் அதை மறைக்காமல், எந்தச் சூழ்நிலையில் போட்டது என்று மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

வக்கீல் வேண்டுமென்றால் ஆணைக்குழுவே இலவசமாகத் தரும். பெண்கள், குழந்தைகள், எஸ்சி எஸ்டி பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லை. இது தெரியாமல் வருமானச் சான்றுக்காக விதவைகளைத் தாலுகா ஆபீசுக்கு அலையவிடும் சமூகப் பணியாளர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. உதவி எண் 15100.

இனி குறைகள். அறுவை சிகிச்சைக்கு அனுமதி மறுத்து நோயாளி படுக்கையில் கிடக்கும்போது இங்கே வராதீர்கள். நோட்டீஸ், பதிலுரை, சமரசம் என்று படிப்படியாகத்தான் நகரும். அதற்கு உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, ரிட் மனு (நேரடியாக உத்தரவு கேட்கும் மனு) போடுவதுதான் வழி; அங்கேயும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளியை மேற்கு வங்கத்தில் அரசு ஆஸ்பத்திரிகள் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், 1996ல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நிதி இல்லை என்பது அரசுக்குச் சாக்கு ஆகாது என்றும் சொன்னது. அவசர ரிட் மனுவில் அந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

டாக்டரின் அலட்சியத்தால் உயிர் போனது என்ற வழக்குக்கும் இந்த இடம் பொருத்தமில்லை. நிபுணர் கருத்து, குறுக்கு விசாரணை எல்லாம் தேவைப்படும் வழக்கு அது; சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்படாத சுருக்க விசாரணையில் இரு பக்கமும் அரைகுறையாகவே நிற்கும். அதற்கு நுகர்வோர் ஆணையம்தான் நல்லது. ஆனால் அங்கே இரண்டு ஆண்டுக் கெடு உண்டு.

தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பதைப் பலர் பெரிய பலமாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. இன்சூரன்ஸ் கம்பெனி ரிட் போட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். போகாவிட்டாலும் பணத்தைத் தானாகத் தந்துவிடாது; தீர்ப்பு சிவில் கோர்ட்டின் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம் என்பதால் நிறைவேற்று மனு போட வேண்டிவரும். எனவே சமரசத்தில் நியாயமான தொகை வந்தால், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் எத்தனை சதவீத வட்டி என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதவைத்த பிறகுதான் கையெழுத்து.