ஏலத்து போனா, ஈரோட்டுக் கடை போனா?

ஐந்து மாத இடைவெளியில் ஒரே மாடல் போனை இரண்டு வழியில் வாங்கினேன். ஐபோன் 13, 128 ஜிபி. எனக்கு அமெரிக்க ஏலத் தளம் ஒன்றில். வீட்டுக்காரிக்கு ஈரோடு பி.எஸ். பார்க் பக்கம் ஒரு செகண்ட்ஸ் கடையில். இனிமேல் வாங்கினால் கடைதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையில் ஏலம்தான் ஜெயிக்கும். டல்லாஸில் இருக்கும் மச்சான் முகவரிக்கு 270 டாலரில் முடிந்தது, வரியெல்லாம் சேர்த்து நம் பணத்துக்கு 24,500 சொச்சம். கடையில் 30,500. ஆனால் அந்த 270கூட நான் நினைத்த விலை இல்லை. 250க்கு மேல் போவதில்லை என்றுதான் உட்கார்ந்தேன். உச்ச விலையைக் கொடுத்து வைத்தால் தளமே நமக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். பழகிய ஆட்களோ கடைசிப் பத்து விநாடி வரை வாயே திறக்க மாட்டார்கள். விடிகாலை 5:40, வாசலில் பால்காரர் மணி, உள்ளே இருந்து “இன்னும் முடியலீங்களா?” என்று ஒரு குரல். அந்த அவசரத்தில் 20 டாலர் ஏறிவிட்டது.

ஐக்ளவுட் பூட்டு (பழையவரின் ஆப்பிள் கணக்கு போனில் ஒட்டிக்கொண்டிருப்பது), சிம் பூட்டு (ஒரே கம்பெனி சிம் மட்டும் வேலை செய்வது) இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. விற்பவரிடம் கேட்டேன், இல்லை என்றார், உண்மையாகவே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். அப்பா மஞ்சள் போடுகிறவர். ஈரோட்டில் ஏலத்துக்குக் கொண்டுபோனால் வியாபாரி மாதிரியில் ஒரு விரலியை எடுத்து, ஒடித்து, உள் நிறத்தைப் பார்த்த பிறகுதான் விலை போடுவார். அவர் போட்ட விலை கட்டவில்லை என்றால் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். இப்படி வளர்ந்த நான் ஆறு போட்டோவை நம்பி ஏலம் கேட்டேன்.

போட்டோவில் கீறலே இல்லை. இருக்காதுதான், டிஸ்பிளே மாற்றிய போன் அது. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் போனால் டிஸ்பிளேவுக்கு நேராக ‘தெரியாத பாகம்’ என்று வந்தது. திரையின் கீழ் ஓரத்தில் தொட்டால் மூன்றுக்கு ஒருமுறைதான் கேட்கிறது. பேட்டரி ஆரோக்கியம் 81 சதவீதம்.

திருப்பி அனுப்ப 30 நாள் அவகாசம் உண்டு. போன் மச்சான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது நவம்பர் 19. அவர் ஊருக்கு வந்தது ஜனவரி முதல் வாரம். “பிரிக்காம அப்படியே கொண்டு வாங்க மச்சான்” என்று சொன்னதே நான்தான், அவர்மேல் தப்பில்லை. விற்றவர் நாள் கணக்கைக் காட்டி இரண்டே வரியில் பதில் எழுதி முடித்துக்கொண்டார்.

கடையில் என்ன நடந்தது? போனைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். இந்த முறை நேராக அபவுட் பக்கத்துக்குத்தான் போனேன், சுத்தம். *#06# அடித்து 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை எடுத்து, முன்னால் கேஒய்எம் (KYM) சேர்த்து அரசின் 14422 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பேட்டரி 86. பில்லின் பின்பக்கம் ‘ஒரு மாதம் கடை வாரண்டி’ என்று பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் காதில் வைத்துப் பேசினால் சத்தம் குறைவு என்றாள். கொண்டுபோனேன். “வெச்சுட்டுப் போங்கண்ணா, சாயந்திரம் வாங்க.” காது ஸ்பீக்கர் வலையில் அடைத்திருந்த அழுக்கை எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்த 6,000 ரூபாய் வித்தியாசத்தில் நான் வாங்கியது இதைத்தான்: பைக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்க ஓர் இடம்.

விற்கும்போதும் இதே கதைதான். என் போனை அதே கடையில் காட்டினேன். பவர் பட்டனுக்குக் கீழே நீள்வட்டமாக ஒரு பட்டை இருக்கும், அமெரிக்க மாடலுக்கு மட்டும் உள்ள 5ஜி ஆன்டெனா ஜன்னல் அது. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். “யூஎஸ் செட்டுங்களா?” டிஸ்பிளே பேச்சு எடுக்கும் முன்பே 3,000 குறைந்துவிட்டது. ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஈசிம் மட்டும்தான். அதைக் கொண்டுவந்தால் இங்கே விற்பது இன்னும் கஷ்டம்.

ஏலத்தைச் சுத்தமாகத் தள்ளவும் முடியாது. கடையில் கிடைக்காத பழைய கீபேட் போன்களுக்கு அதுதான் இடம். ஆண்ட்ராய்டை ஏலத்தில் எடுத்தது ஒரே ஒருமுறை, அது இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. ஒன்றை வைத்து என்ன சொல்வது? வந்த அன்றே பிரித்து, அரை மணி நேரம் நோண்டிப் பார்க்கிற மச்சான் இருந்தால் என் குறையில் பாதி அடிபட்டுப் போகும்.

என் போனை இன்னும் விற்கவில்லை. ஸ்பேஸ் பாரை மூன்று முறை தட்டித்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.