சாம்பல் கல் வாங்குகிறீர்களா? முதலில் வயதைக் கேளுங்கள்

மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கத்தில் அச்சடித்து மணலி, மாதவரம், திருவொற்றியூர் என்று லோடு லோடாக வந்து இறங்கும் ஃப்ளை ஆஷ் கல்லைப் பற்றிய மதிப்பீடு இது. மேஸ்திரிகள் வாயில் இது சாம்பல் கல். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பதமான கல் கிடைத்தால் சேம்பர் சூளையில் சுட்ட செங்கல்லைவிட இது மேல். நாள் ஆகாத பச்சைக் கல் வந்து இறங்கினால், பூச்சு காய்ந்து ஒரு கோடை போவதற்குள் சுவரில் கோடு விழும்.

கலவையில் அனல்மின் நிலையச் சாம்பல் 55 முதல் 60 சதவீதம், சிமென்ட் 8 முதல் 10, மீதி குவாரித் தூள். சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்பும் ஜிப்சமும் சேர்ப்பவர்களும் உண்டு. 9 அங்குலம் நீளமுள்ள ஒரு கல் சுமார் 3 கிலோ. 3000 கல் ஏறிய ஒரு லோடில் சுமார் 5 டன் சாம்பல் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் செப்பாக்கம் சாம்பல் குளத்தையும் கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கும் சாம்பல் சேற்றையும் பார்த்தவர்களுக்கு அந்த 5 டன்னின் அருமை தெரியும். வயலின் மேல்மண்ணை வெட்ட வேண்டாம், சூளைக்கு விறகோ நிலக்கரியோ வேண்டாம். ஆனால் அதே லோடில் 15 மூட்டை சிமென்டும் போயிருக்கிறது. விரிசல் விட்டு இரண்டாம் முறை பூசினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் கல்லின் வயதுதான். சாம்பல், சிமென்டிலிருந்து வரும் சுண்ணாம்போடு ஈரத்தில் மெதுவாகத்தான் வினைபுரியும். 14 நாளாவது தண்ணீர் காட்டி, பிறகு உலரவிட்டு, 28 நாள் ஆனபின் ஏற்றுவதே முறை. கிராக்கி அதிகமானால் ஒரு வாரத்துக்குள் லாரி ஏற்றிவிடுகிறார்கள். கையில் எடுக்கக் கெட்டியாகவே இருக்கும். ஆனால் சுருங்க வேண்டிய சுருக்கம் பாக்கியிருக்கிறது. அதைச் சுவருக்குள் போனபின் காட்டும். பில்லர் ஓரத்தில் நேர்கோடாகவும், ஜன்னல் மூலையில் சாய்வாகவும் வெடிக்கும். அதனால் அடுக்கின் மேல் அச்சடித்த தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எந்தச் சாம்பல் என்றும் கேளுங்கள். உலர் சாம்பல் நைசாக இருக்கும், நன்றாகப் பிடிக்கும். குளத்திலிருந்து அள்ளியது கொரகொரப்பு. உப்பு ஏறியிருந்தால் சுவரில் வெள்ளையாகப் பூக்கும்.

லோடு இறக்குமுன் அங்கங்கே உருவி ஐந்தாறு கல்லைச் சோதிக்கலாம். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஆணியால் கீறினால் பொடி உதிரக்கூடாது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் ஈரக் கருமை தெரிந்தால் பச்சை, வெள்ளைக் கட்டி தெரிந்தால் சுண்ணாம்பு நீறவில்லை. நன்கு காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் முக்கி, துடைத்து மறுபடி போடுங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்தால் திருப்பி அனுப்புங்கள். சுண்ணாம்பு சேர்த்த சாம்பல் கல்லுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 12894-இன்படி சாதாரண வகைகளுக்கு 20 சதவீதம்தான் வரம்பு. சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டன் தாங்கும் என்று ஆய்வக அறிக்கை கேட்பதும் உங்கள் உரிமை.

கட்டும்போது செங்கல் பழக்கம் கூடாது. தொட்டியில் ஊறப்போடாமல், அடுக்கின் மேல் தண்ணீர் தெளித்தால் போதும். ஊறிய கல் கலவையில் வழுக்கும், காயும்போது கூடுதலாகச் சுருங்கும். 9 அங்குலச் சுவருக்குக் கலவை 1:6 (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்), நாலரைக்கு 1:4. நாலரை அங்குலச் சுவரில் நாலு வரிக்கு ஒருமுறை இரண்டு மெல்லிய கம்பி ஓட்டுங்கள். ஒரு நாளைக்கு நாலடி உயரத்தோடு நிறுத்துங்கள். பீமுக்கு அடியில் கடைசி வரியை அன்றே இறுக்காமல் ஒரு வாரம் விட்டு அடையுங்கள். பில்லரும் சுவரும் சேருமிடத்தில் ஓரடி அகலத்துக்குக் கோழிவலை அடித்தபிறகே பூச்சு. இந்த வலையைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள், அங்கேதான் முதலில் வெடிக்கிறது.

100 சதுர அடி 9 அங்குலச் சுவருக்குச் சேதாரம் சேர்த்து 950 கல், நாலரைக்கு 480 என்று கணக்கு வையுங்கள். காசிமேடு, தண்டையார்பேட்டை சந்துகளுக்கு லாரி நுழையாது. மெயின் ரோட்டில் இறக்கி மீன்பாடி என்னும் மூன்று சக்கர வண்டியில் மாற்றும்போது முனை உடைவதுதான் பெரிய சேதாரம். கொட்டவிடாமல் கையால் அடுக்கச் சொல்லுங்கள், கூலி கூடினாலும் கட்டுப்படியாகும்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை போர்வெல் தண்ணீர். கல் நல்லதாக இருந்தும் உப்புத் தண்ணீரில் கலவை போட்டுச் சுவர் பூத்துவிட்டு, பழி கல்லின் மேல் விழுகிறது. கம்பி போகும் கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. வாயில் கரித்தால் லாரித் தண்ணீருக்கு மாறுங்கள்.

பூச்சில் லாபம் நிச்சயம். கல் அளவு பிசகாததால் உள்பக்கம் 12 மி.மீ. போதும். வயரிங் காடியை உளியால் கொத்தினால் கல் பிளக்கும். மெஷினில் வெட்டுங்கள், வெட்டுபவருக்கு முகக்கவசம் கொடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கும் தெருவானால் பேஸ்மென்ட் மட்டம் வரை கருங்கல்லோ சாலிட் கான்கிரீட் பிளாக்கோ வைத்து, அதற்கு மேல் இந்தக் கல்லைத் தொடங்குங்கள்.