ஓமோனா, கிருமிகொல்லியா? பெப்தைட்டில் புரொஜெக்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் மட்டும் மூன்று தங்கச்சிமார் கேட்டுவிட்டார்கள். "அக்கா, பெப்தைட்டிலதான் செய்யப் போறம், ஓமோன் பக்கம் போறதா, அன்டிமைக்ரோபியல் பக்கம் போறதா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் பேசி அனுப்பி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். நான் நடுநிலை இல்லை, அதை முதலிலேயே சொல்ல வேண்டும். நான் எடுத்தது கிருமிகொல்லிப் பெப்தைட்டு. என் அறைத்தோழி, கல்முனைக்காரி, எடுத்தது ஓமோன். ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே ஃபிரீசரில் தட்டுக்குத் தட்டு சண்டை பிடித்து ஒரு வருடம் ஓட்டினோம். ஓமோன் பற்றி நான் சொல்வதில் பாதி அவள் பக்கத்தில் நின்று பார்த்தது, என் கைபட்டுச் செய்ததில்லை.

சாமான் இரண்டும் ஒன்றுதான், அமினோ அமிலம் கோத்த மாலை. ஒக்சிடோசினில் 9, தவளைத் தோலில் எடுத்த மகைனினில் 23, சீஸ் கெடாமல் இருக்கப் போடும் நிசினில் 34, இன்சுலினில் 51. ஓமோன் இரத்தத்தோடு போய்ச் சேதி சொல்லும், மற்றது பற்றீரியாவின் மென்சவ்வில் கைவைக்கும். ஏ.எல். பயோ படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெயர், புகழ், வெளிநாட்டு வாய்ப்பு என்று பார்த்தால் ஓமோன்தான் மேல், அதில் வாதாட ஒன்றுமில்லை. 1921இல் டொரன்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்து, அடுத்த ஜனவரியிலேயே லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஏற்றினார்கள். அதன் அமினோ அமில வரிசையைக் கண்டுபிடித்ததற்காக சாங்கருக்கு 1958இல் நோபல், இரத்தத்தில் இருக்கிற துளி அளவு ஓமோனை அளக்கும் முறைக்காக ரொசலின் யாலோவுக்கு 1977இல் நோபல். இப்போது ஜிஎல்பி-1 காலம், அதாவது சாப்பிட்டதும் இன்சுலினைச் சுரக்கத் தூண்டுகிற குடல் ஓமோனின் காலம். நம் குடலில் சுரக்கிற ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்திலேயே பாதியாகிவிடும், டிபிபி-4 என்ற நொதியம் வெட்டிவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் இருக்கிற கிலா என்ற நச்சுப் பல்லியின் நஞ்சில் அதே வேலை செய்கிற, ஆனால் சுலபத்தில் வெட்டுப்படாத ஒரு பெப்தைட்டு கிடைத்து, 2005இல் அது நீரிழிவு மருந்தானது. இன்றைக்கு வாரத்துக்கு ஒரு ஊசியாக, ஜிஎல்பி-1 மாதிரியே வேலை செய்கிற செமாகுளுடைட் வந்து நிற்கிறது. விண்ணப்பத்தில் ஜிஎல்பி-1 என்று ஒரு வரி இருந்தால் வெளிநாட்டுப் பேராசிரியர் கண் அங்கே நிற்கும்.

நம்ம பக்கத்துக் கதையும் நல்ல கதைதான், ஆனால் முடிவு அவ்வளவு நல்லதில்லை. 1987இல் மைக்கல் சாஸ்லொஃப் என்ற ஆய்வாளர், ஆய்வுகூடத்துத் தவளைகளைச் சத்திரசிகிச்சை செய்து அழுக்குத் தொட்டியிலேயே திரும்ப விட, காயம் சீழ் பிடிக்காமல் ஆறுவதைப் பார்த்து, தோலைத் தேடி மகைனினைக் கண்டெடுத்தார். அதிலிருந்து செய்த பெக்ஸிகனன் என்ற மருந்தை, நீரிழிவுக் கால்புண்ணுக்குக் கொண்டுவந்தபோது, 1999இல் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற அமெரிக்க எஃப்டிஏ மறுத்துவிட்டது. ஏற்கெனவே இருக்கிற மருந்தை விட இது மேல் என்று காட்ட முடியவில்லை. (தவளை என்றதும் வயலுக்கு ஓடாதீர்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒன்றையும் பிடிக்க முடியாது.)

சரி, பிறகு ஏன் நான் இந்தப் பக்கம் என்கிறேன்? காரணம் ஒன்றே ஒன்று. கரண்ட்.

ஓமோன் புரொஜெக்ட் என்றால் பெரும்பாலும் ஆட்களின் இரத்தத்தில் இன்சுலினோ வேறு ஒன்றோ அளப்பது. என் தோழி எடுத்தது வெறும் வயிற்று இன்சுலின். இன்சுலினையும் குளுக்கோசையும் பெருக்கி 22.5ஆல் பிரித்தால் இன்சுலின் எதிர்ப்பு எவ்வளவு என்று ஒரு கணக்கு வரும், சூத்திரம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சூத்திரத்துக்குப் போடும் எண் கைக்கு வருவதற்குள் உயிர் போய்விடும். முதலில் எதிக்ஸ் குழுவின் அனுமதி, அதற்கே மாதக்கணக்கு. பிறகு விடியற்காலையில் சாப்பிடாமல் வருகிற ஆட்கள். எடுத்த இரத்தத்தைக் கெதியாகச் சுழற்றிச் சீரத்தைப் பிரிக்க வேண்டும், சிவப்பணு உடைந்து சீரம் லேசாக ரோஸ் நிறம் காட்டினாலே அந்தக் குழாய் கழிவு, ஏனென்றால் சிவப்பணுவுக்குள் இருக்கிற நொதியம் இன்சுலினைத் தின்றுவிடும். ஒருநாள் 11 குழாயில் 4 ரோஸ். விடிய நாலரைக்கு எழும்பிப் போனவள் அந்த நாலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கிட். இரத்தத்தில் இருக்கிற ஓமோனை நிறமாற்றத்தால் அளக்கிற எலைசா கிட் ஒன்றில் 96 குழி. ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுகோலுக்கு, அளவு தெரிந்த எட்டுச் செறிவு, ஒவ்வொன்றும் இரண்டு தரம், 16 குழி போயிற்று. கன்ட்ரோலுக்கு 4. மிச்சம் 76, ஓர் ஆளுக்கு இரண்டு குழி என்றால் 38 பேர். விலை லட்சத்தைத் தாண்டும், கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் இரவு பஸ்ஸில் வர வேண்டும். அவ்வளவு காசு கொடுத்த கிட்டைப் பத்துப் பேருக்காக உடைக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே எல்லாரும் செய்வது, சீரத்தை ஃபிரீசரில் சேர்த்துச் சேர்த்து வைத்து, எண்ணிக்கை நிரம்பிய பிறகு ஒரே நாளில் ஓட்டுவது. அதாவது ஆறு மாத உழைப்பு முழுக்க ஒரு பிளக்கில் தொங்கும்.

2025 பெப்ரவரி 9 ஞாபகம் இருக்கும், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருட்டான ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் அன்றைக்கே வந்துவிட்டது. நாங்களும் வீட்டிலிருந்து குரங்கை வைத்துப் பகிடி விட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் கரண்ட் வந்த கையோடு ஃபிரீசர் லைனின் பிரேக்கர் விழுந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. திங்கள் காலை கதவைத் திறந்தால் அடியில் தண்ணீர். அவளுடைய 62 குழாயும் உருகி, அறைச் சூட்டில் கிடந்தன. மட்டக்களப்பு அறைச் சூடு எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. அவள் அழவில்லை, ரெஜிஸ்டரை எடுத்து ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேரே கோடு கீறிக்கொண்டு போனாள். எனக்கு அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

அதே ஃபிரீசரில் என் கிருமிகளும் உருகித்தான் கிடந்தன. கிளிசரோலில் போட்டு வைத்த குழாயிலிருந்து ஒரு துளி எடுத்துக் குழம்பில் (கிருமி வளர்க்கிற சத்துத் திரவம், கறிக் குழம்பில்லை) விட்டேன், செவ்வாய் காலை குழம்பு கலங்கி இருந்தது. உயிர் இருக்கிறது! ஓமோனை அளக்கிறவருக்குச் சாமான் ஒருமுறை போனால் போனதுதான், கிருமி வளர்க்கிறவருக்கு ஒரு துளி மிஞ்சினாலும் போதும். நம் ஊரில் புரொஜெக்ட் தெரிவு செய்ய இதை விடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

என் கிருமி எங்கிருந்து வந்தது என்றால், தயிரிலிருந்து. படுவான்கரை எருமைத் தயிர். லக்டிக் அமில பற்றீரியாக்கள் பல, பக்கத்தில் வேறு கிருமி வளராமல் இருக்கப் பற்றீரியோசின் என்ற பெப்தைட்டைச் சுரக்கும், நிசினும் அப்படி வந்ததுதான். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு மாமியிடம் ஆறு கிழமை ஒவ்வொரு சட்டியாக வாங்கினேன். எதற்கென்று விளக்கிய அன்று மாமி, "என்ன மனே, என்ட தயிருக்குள்ள பூச்சி இருக்கெண்டு பேப்பர்ல போடப் போறியா?" என்று சட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சமாதானப்படுத்த இரண்டு சட்டி கூட வாங்க வேண்டியதாயிற்று. எங்கள் லேபில் அந்த மாதம் எல்லாருக்கும் தயிரும் பாணியும்தான்.

லக்டிக் அமில பற்றீரியா வளர்க்கிற எம்ஆர்எஸ் பவுடர் அரைக் கிலோ டப்பா ஒன்றில் ஏறத்தாழ ஒன்பது லீட்டர் குழம்பு வரும், என் முழு புரொஜெக்டும் அதற்குள் முடிந்தது. ஓட்டோக்கிளேவ் பழுதான கிழமையில் பிரஷர் குக்கரில் அவித்தேன். முறை இதுதான்: மைக்ரோகொக்கஸ் லூட்டியஸ் என்ற, மஞ்சளாக வளர்கிற சோதனைப் பற்றீரியாவைக் கலந்து ஏகார் (ஜெலி மாதிரி இறுகும் ஊடகம்) ஊற்றி, இறுகியதும் குழி தோண்டி, தயிர்க் கிருமி வளர்ந்த குழம்பைச் சுழற்றித் தெளிவை மட்டும் எடுத்துக் குழியில் 50 மைக்ரோலீட்டர் விட்டு, ஒரு இரவு 37 பாகையில் வைப்பது. காலையில் குழியைச் சுற்றி வட்டம் தெளிந்திருந்தால் ஏதோ ஒன்று கொன்றிருக்கிறது.

முதல் நாள், தயிரிலிருந்து பிரித்தெடுத்த 14 கிருமியில் 11க்கு வட்டம். எனக்குத் தலை கால் புரியவில்லை, என் சுப்பர்வைசர் சேருக்கு உடனே படம் அனுப்பினேன். அவர் அனுப்பிய பதில் ஒரே வரி: "பிஎச் பார்த்தீரா?" பார்க்கவில்லை. லக்டிக் அமில பற்றீரியா என்றால் அமிலம் சுரக்காமல் வேறு என்ன செய்யும், அந்த அமிலமே போதும் மைக்ரோகொக்கஸைக் கொல்ல. சோடியம் ஹைட்ரொக்சைட்டால் பிஎச்சை 6.5க்குக் கொண்டுவந்து மறுபடி விட்டால் அந்த 11இல் இரண்டுக்குத்தான் வட்டம் மிஞ்சியது. பிறகு ஐதரசன் பரொக்சைட்டின் வேலையாக இருக்குமோ என்று அதை உடைக்கிற கட்டலேஸ் என்ற நொதியம் போட்டுப் பார்த்தேன், இரண்டும் நின்றன. கடைசியாகப் புரோட்டினேஸ் கே. அது புரதத்தை வெட்டும், வட்டம் காணாமல் போனால் கொன்றது பெப்தைட்டு. ஒன்றில் வட்டம் அப்படியே இருந்தது. மற்றதில், ஒரு பக்கக் குழியைச் சுற்றிக் கண்ணாடி மாதிரித் தெளிவு, நொதியம் போட்ட பக்கத்துக் குழியைச் சுற்றி மஞ்சள் ஆடை விளிம்பு வரை வளர்ந்து கிடந்தது. 14இல் ஒன்று. அந்தக் கிண்ணத்தை நாலு கிழமை எறியாமல் வைத்திருந்தேன்.

குறையையும் சொல்ல வேண்டும். என் பெப்தைட்டுக்கு இன்னும் பெயரில்லை. வரிசை என்ன, எத்தனை அமினோ அமிலம் என்று பார்க்க கலவையைப் பிரிக்கிற எச்பிஎல்சியும் மூலக்கூறின் நிறையை அளக்கிற நிறைமாலைமானியும் வேண்டும், நான் அதுவரை போகவில்லை. "புரதத் தன்மையுள்ள பொருள்" என்ற வரியோடு என் அறிக்கை முடிந்துவிட்டது, வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் அதைத்தான் தோண்டினார்கள். ஓமோன்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவர்கள் அளப்பது என்ன என்று கிட்டிலேயே அச்சடித்திருக்கும். தயிர்க் கிருமியை விட்டு, செயற்கையாகச் செய்த பெப்தைட்டை வாங்கிச் சோதிக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நேர்மின்னேற்றம் உள்ள பெப்தைட்டு சாதாரண பொலிஸ்டைரீன் தட்டில் ஒட்டிக்கொள்ளும், கிருமி சாகாது, நீங்கள் மருந்தைக் குறை சொல்வீர்கள். பொலிப்புரொப்பிலீன் தட்டு தேடுங்கள். ஏகாரிலும் அது சரியாகப் பரவாது, அகரோஸ் நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் ஓமோன்தான் வேண்டும் என்றால், இன்சுலினை விட்டு சி-பெப்தைட்டை எடுக்க முடியுமா என்று சுப்பர்வைசரிடம் கேளுங்கள். கணையம் இன்சுலினோடு அதே எண்ணிக்கையில் அதையும் வெளிவிடும், இரத்தத்தில் இன்சுலினை விடக் கூட நேரம் நிற்கும், சிவப்பணு உடைந்தாலும் இன்சுலின் அளவுக்கு அடிபடாது. சீரத்தை இரண்டு சின்னக் குழாயாகப் பிரித்து, இரண்டையும் வேறு வேறு ஃபிரீசரில், வேறு கட்டடத்தில் என்றால் இன்னும் நல்லது, வையுங்கள். என் தோழி இரண்டாம் தரம் அப்படித்தான் செய்தாள், 38 பேரோடு நிறுத்தி ஒரே கிட்டில் முடித்தாள். அவளிடம் கேட்டால் நான் எழுதியதில் பாதி பொய் என்பாள், அந்த 38 பேரில் மூன்று பேருக்குத் தங்களுக்கு நீரிழிவு இருப்பதே அவள் எடுத்த இரத்தத்தில்தான் தெரியவந்தது, உன் தயிர்ச் சட்டி யாருக்கு என்ன சொன்னது என்று கேட்பாள். ஏற்கெனவே கேட்டும்விட்டாள், என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.